ரொக் இசைக்குழுவைக் கேட்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

முற்றவெளி மைதானம் என்றாலும் கோயில் திருவிழா மேடை என்றாலும், கண்ணெல்லாம் பாடுபவரிலும் தனி வாசிக்கும் லீட் கிற்றார்காரரிலும்தான். அங்கேயே பிழை தொடங்குகிறது. குழு சேர்ந்து வாசிக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பது தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றாரும், காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் ட்ரம்மும். ட்ரம்ஸ்காரர் கிக்கை மிதிக்கும் கணத்திலேயே பேஸ் ஸ்வரமும் விழுந்தால் இரண்டும் ஒரே அடியாக நெஞ்சில் படும். கொஞ்சம் விலகினாலும் பாட்டு இழுபடும். ஏனென்று பலருக்குப் பிடிபடாது.

இதைக் கைத்தொலைபேசியின் ஸ்பீக்கரில் தேடாதீர்கள். பேஸின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிர்வது. அந்த ஆழம் சின்ன ஸ்பீக்கருக்கு எட்டாது. நல்ல ஹெட்போனில் ஒரே பாட்டை நாலு தரம் கேளுங்கள், ஒவ்வொரு தரமும் ஒரு வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு. நிகழ்ச்சியில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்பதும் வீண். மிக்ஸர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஒலி அங்கிருந்துதான் சரிபார்க்கப்படுகிறது.

ஆதி தாளத்தில் ஊறிய கை முதல் அடியில் தட்டப் பார்க்கும். ரொக்கில் ஸ்நெயார் என்ற, குச்சியால் அடிக்கும் சின்ன ட்ரம்மின் அடி பெரும்பாலும் விழுவது நாலில் 2ஆம், 4ஆம் அடிகளில். அங்கே தட்டிப் பாருங்கள், பாட்டே வேறாகிவிடும்.

வாசிக்காமல் விடுவதைச் சோம்பல் என்று நினைப்பவர்களும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மறைந்த ட்ரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ், ஸ்நெயாரை அடிக்கும்போது ஹைஹட் என்ற சோடித் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். அந்த அடி தனித்துக் கேட்கும். ஏசி/டிசி என்ற குழுவில் எல்லோரும் பார்த்தது பாடசாலைச் சீருடையோடு துள்ளும் அங்கஸ் யங்கை. பாட்டைத் தாங்கியது பின்னால் நின்ற அண்ணன் மல்கம் யங்கின் ரிதம் கிற்றார், அதாவது தாளத்தோடு கோர்டுகளை வாசிக்கும் கிற்றார். இரண்டு கிற்றாரும் ஒரே இடத்தில் ஒரே கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) நிரப்பினால் கூழாகிவிடும். ஒன்று கீழே நின்றால் மற்றது மேலே போகவேண்டும்.

கிற்றார் தனி வரும்போது மற்றவர்களை மறந்துவிடுகிறோம். மேளக்கச்சேரியில் தவில் தனி நடக்கையில் தாளக்காரர் கையை நிறுத்துவாரா? இங்கே அந்த வேலை பேஸுக்கும் ட்ரம்ஸுக்கும். தனி முடியும் தறுவாயில் ட்ரம்ஸ் உருட்டுவதைக் கவனியுங்கள், அது தவில்காரர் முடிப்பாக வாசிக்கும் தீர்மானம் மாதிரி. அதற்கடுத்த முதல் அடியில் நாலு பேரும் ஒன்றாக வந்து விழுகிறார்களா, இல்லை ஒருவர் பிந்துகிறாரா என்று பாருங்கள்.