கீமோ வாய்ப்புண்: வீட்டில் கவனிக்கும் முறை

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறிய 5 முதல் 10 நாளுக்குள் வாய் எரியத் தொடங்கலாம். வேகமாகப் பெருகும் செல்களை மருந்து தாக்கும்போது வாயின் உள்தோலும் சேர்ந்து அடிபடுகிறது. இரத்த அணுக்கள் மீண்டும் ஏறும்போது, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில், ஆறிவிடும்.

இது உடம்புச் சூடு இல்லை, வைட்டமின் குறையும் இல்லை. மெடிக்கலில் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடாதீர்கள். பலவற்றில் ஃபோலிக் அமிலம் உண்டு. 5-எஃப்யூ, கேப்சிடபின் என்ற கீமோ மருந்துகளை எடுப்பவர்களுக்கு அது புண்ணையும் வயிற்றுப்போக்கையும் கூட்டும்.

முக்கியமான வேலை வாய் கொப்பளிப்பதுதான். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. மும்பையில் தாராவி, மாட்டுங்கா கடைகளில் ‘கானே கா சோடா’ என்று கேளுங்கள். வெறும் ‘சோடா’ என்றால் துணி சோடா வரலாம். ஈனோ ஆகாது, அதில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் புண்ணில் சுரீரென்று எரியும். பேக்கிங் பவுடரும் வேண்டாம். அரை நிமிடம் வாயில் அலசித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும், விழித்திருக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. வலிக்கிறதே என்று நிறுத்தினால்தான் கிருமி ஏறும். தினமும் புதிதாகக் கலக்குங்கள்.

மிக மெல்லிய பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துத் தேயுங்கள். பல்செட்டைக் கழற்றி வையுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், மாசிக்காய் உரைத்துத் தடவுவது இரண்டும் வேண்டாம்.

வலிக்கு டாக்டர் லிக்னோகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்தை எழுதிக் கொடுத்தால், சாப்பாட்டுக்குச் சற்று முன் வாயில் வைத்துத் துப்பலாம். தொண்டை மரத்தால் புரையேறும், சூடும் தெரியாது. ஆகவே நிமிர்ந்து உட்காரவைத்து, ஆறிய குழைந்த தயிர்சாதம், ராகிக் கஞ்சி என்று சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். ரசம், எலுமிச்சை, அப்பளம், வடாபாவ் எல்லாம் புண் ஆறிய பிறகு.

5-எஃப்யூவை ஊசியாக ஒரேயடியாக ஏற்றும் நாளில், 5 நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டு சப்பினால் புண் குறையும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்ந்து ஏறினால் ஐஸ் கூடாது.

நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ அடுத்த ஓ.பி.டி. தேதிவரை காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல், இரவானாலும் கேஷுவல்டிக்குப் போங்கள். பரேல் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போக முடியாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், கீமோ ஃபைலைக் கையோடு எடுத்துப்போய், கடைசி கீமோ என்று ஏறியது என்பதை முதலில் சொல்லுங்கள்.