கத்திரி வெயிலில் வேரைக் காப்பாற்றும் இரட்டைத் தொட்டி: பால்கனித் தோட்டத்துக்கான எளிய செய்முறை

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் 28 வாக்கில்தான் விடும். அந்த மூன்றரை வாரத்தில் மேற்குப் பார்த்த பால்கனியில் இருக்கும் செடிகள் கருகுவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் அல்ல, வேர் வெந்துபோவதால்தான். தரையில் நிற்கும் செடிக்குச் சுற்றிலும் ஆழமாக மண் இருக்கிறது. தொட்டிச் செடிக்கு அது கிடையாது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலோ செடி வளர்க்கும் குரோ பேக் பையிலோ மதிய வெயில் நேராக விழுந்தால் உள்ளே இருக்கும் மண் வெளிக்காற்றைவிடச் சூடாகிவிடும். 38, 40 டிகிரியைத் தாண்டும்போதே பெரும்பாலான செடிகளின் வேர் தடுமாறும். அதற்குப் பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் செடியால் குடிக்க முடியாது.

ஆகவே முதல் வேலை தொட்டியைக் குளிரவைப்பது. காலை எட்டு மணிக்குள்ளோ சாயங்காலமோ செய்யுங்கள். செடிக்காக நீங்கள் உச்சி வெயிலில் நிற்க வேண்டாம்.

தேவையானவை

செடி இருக்கும் தொட்டியைவிடச் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் பெரிய மண் தொட்டி, ஊறவைத்த கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) அல்லது மணல், உடைந்த ஓட்டுச் சில்லு, இரண்டு செங்கல், காய்ந்த இலை அல்லது தேங்காய் நார், பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீதப் பச்சை நிழல்வலை, கட்டுவதற்கு நைலான் கயிறு.

மண் தொட்டியில் பெயின்ட் அடித்திருக்கக் கூடாது. கடையில் செங்காவி நிறம் பூசி அழகாக அடுக்கியிருப்பார்கள், அதை வாங்காதீர்கள். பெயின்ட் நுண்துளைகளை அடைத்துவிடும், இந்த வேலையே அந்தத் துளைகளால்தான் நடக்கிறது.

படி 1: இடத்தை மாற்றுங்கள்

தொட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மேற்குச் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். சிமென்ட் தரையும் அப்படித்தான், அதனால் தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுங்கள். செடிகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் தொட்டியில் விழும். கற்றாழை போன்ற கெட்டியானவை வெயில் பக்கம் நிற்கட்டும். மணி பிளான்ட், பெரணி எல்லாம் உள்ளே போகட்டும், ஆனால் ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம்.

படி 2: இரட்டைத் தொட்டி

பெரிய மண் தொட்டியின் அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடுங்கள். தண்ணீர் வடிய வேண்டும், ஆனால் மணல் ஓடக் கூடாது. அதன் மேல் கோகோபீட்டைப் பரப்பி, செடி இருக்கும் தொட்டியை உள்ளே இறக்குங்கள். உள்தொட்டியின் விளிம்பு வெளித்தொட்டியைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருக்கட்டும். சுற்றியுள்ள இடைவெளியைக் கோகோபீட்டால் தளர்வாக நிரப்புங்கள், அழுத்தித் திணிக்க வேண்டாம். பிறகு அந்த இடைவெளியில் தண்ணீர் ஊற்றுங்கள், வெளிச்சுவர் நிறம் மாறி ஈரம் தெரியும் வரை.

மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியேதான் இதுவும். சுவரின் வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காலையிலும் மாலையிலும் இடைவெளியை நனைத்தால் போதும். செடிக்குத் தனியாக ஊற்றும் தண்ணீர் முன்பைவிடக் குறைவாகத்தான் தேவைப்படும்.

வேலூர், கரூர், திருச்சி போல வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது பிரமாதமாக வேலை செய்யும். சென்னையிலும் நாகையிலும் காற்றிலேயே ஈரம் இருப்பதால் குளிர்ச்சி கொஞ்சம் குறையும். ஆனாலும் செய்யுங்கள். கடல்காற்று மதியம் உள்ளே வரத் தாமதமாகும் நாட்களில்தான் கடலோர ஊர்களில் வெயில் ஏறும், அன்றைக்கு இந்தத் தொட்டியின் அருமை தெரியும்.

எல்லாத் தொட்டிக்கும் இப்படிச் செய்ய இடமும் இருக்காது, பணமும் ஆகும். கறிவேப்பிலை, ரோஜா, மல்லி என்று மனசுக்கு நெருக்கமான நாலைந்துக்குச் செய்துவிட்டு, மற்றவற்றின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

படி 3: மூடாக்கு

மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம், அழுகும்.

படி 4: நிழல்வலை

வலையைச் செடியின் மேலேயே போர்த்தாதீர்கள். பால்கனிக் கம்பியில் கட்டி, செடிக்கும் வலைக்கும் நடுவில் காற்று போக இடம் விடுங்கள். நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டுங்கள், கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்று தளர்ந்த வலையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

படி 5: தண்ணீர்

மதியம் இலை தொங்கினால் உடனே செம்பைத் தூக்காதீர்கள். இலை தண்ணீரை ஆவியாக வெளியே விடும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் செடி கொஞ்ச நேரம் துவளும், வெயில் சாய்ந்ததும் தானே நிமிரும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையிலும் துவண்டு கிடந்தால்தான் அது தாகம்.

ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவந்தால் மண் நனைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். காய்ந்து இறுகிய மண் ஓரத்தை விட்டு விலகியிருக்கும், தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்கிவிடும். அந்தத் தொட்டியை மட்டும் அரை மணி நேரம் டப்பில் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தாராளமாக ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், உப்பு தொட்டியிலேயே தங்கி வேரைக் கெடுக்கும். வெளித்தொட்டியில் வெள்ளையாகப் பூத்தாலும் அது தண்ணீரின் உப்புத்தான், தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள்.

தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். டெங்கு கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். குருவிக்கு வைக்கும் கிண்ணத்தையும் தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால்

பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்குங்கள். முழுவதும் நனைத்து, ஒரு முனையை வாளியின் அடிவரை விட்டு, மறுமுனையைத் தொட்டி மண்ணுக்குள் ஒரு சாண் புதையுங்கள். வாளியை ஸ்டூலில் உயரமாக வைத்து மூடி, நிழலில் வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வைத்துப் பார்த்தால் வாளி எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துவிடும்.

இந்த மாதம் செய்யக் கூடாதவை

உரம், தொட்டி மாற்றுவது, கிளைகளை நிறைய வெட்டும் பெரிய கவாத்து மூன்றும் வேண்டாம். இலைக்கு அடியில் மெல்லிய வலையும் மேலே வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் வேகமாகப் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் பெரும்பாலும் கட்டுப்படும்.

வெயில் தணிந்ததும் நிழல்வலையை ஒரே நாளில் கழற்றாதீர்கள். முதலில் காலை வெயில் மட்டும் படும்படி ஒரு பக்கம் சுருட்டி, ஒரு வாரம் கழித்து முழுதும் எடுங்கள். புதுத் துளிர் தெரிந்த பிறகு மண்புழு உரம் ஒரு கைப்பிடி போடலாம்.