ஜப்பானியக் கோழி உருண்டைச் சோற்றுக் கிண்ணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழமான கிண்ணத்தில் சூடான சோற்றை இட்டு, அதன்மேல் கறியோ மீனோ முட்டையோ வைத்து உண்பதை ஜப்பானியர் டொன்புரி என்கின்றனர். கிண்ணத்துக்கும் அதே பெயர்தான். கொத்திய கோழி இறைச்சியை உருண்டையாக்கி, இனிப்பும் உப்பும் கலந்த தாரே என்னும் சாற்றில் பளபளக்கச் சுண்டவைத்து அந்தச் சோற்றின்மேல் வைத்தால், அது சுகுனே டொன்புரி ஆகிறது. சுகுனே என்ற சொல், பிசைந்து உருட்டுதலைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து பிறந்தது. வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்களில் பலருக்கும் உருண்டை வறண்டுபோகிறது, சாறு கருகிவிடுகிறது, சோறு குழைந்துவிடுகிறது. அயல்நாட்டுப் பொருள்கள் சரியாகக் கிடைக்காததுதான் காரணம் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரையில், பொருள்களைவிட அவற்றைச் சேர்க்கும் வரிசையில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறும் பெரிய தவறும் பிசையும் கிண்ணத்திலேயே நடந்துவிடுகிறது. இறைச்சி, வெங்காயம், முட்டை, ரொட்டித்தூள், உப்பு என அனைத்தையும் ஒரே நேரத்தில் கொட்டி, பிசைந்தால் கெட்டியாகிவிடுமோ என்ற அச்சத்தில் மேலோட்டமாகக் கலந்து உருட்டிவிடுகிறோம். ஆனால் சுகுனேயில் முதலில் இறைச்சியும் உப்பும் மட்டுமே சந்திக்க வேண்டும். 400 கிராம் கோழிக் கொத்துக்கறிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும். உப்புப் பட்டதும் தசையிலுள்ள மையோசின் என்னும் புரதம் கரைந்து வெளிவந்து, பிசையப் பிசைய ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. சூடேறும்போது அந்தப் பின்னல் இறுகி, இறைச்சியின் நீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெங்காயமும் ரொட்டித்தூளும் முன்னதாகவே நுழைந்துவிட்டால் அந்தப் பின்னலுக்கு இடையில் அவை வந்து நின்றுவிடும்.

எவ்வளவு நேரம் பிசைவது என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும். தொடக்கத்தில் இறைச்சி துகள் துகளாக, விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு மூன்று நிமிடங்களில் அதன் இளஞ்சிவப்பு நிறம் சற்று வெளுத்து, கிண்ணத்தின் ஓரங்களில் மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்கும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையைக் கவிழ்த்தால் கீழே விழாமல் தொங்கும். அந்தக் கட்டத்தில்தான் மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். இறைச்சி குளிர்ச்சியாக இருப்பதும் அவசியம். கையின் சூட்டில் கொழுப்பு உருகத் தொடங்கிவிட்டால் எவ்வளவு பிசைந்தாலும் அந்தப் பசைத்தன்மை வராது. தோல் நீக்கிய மார்புக்கறியை மட்டும் கொத்தினால் கொழுப்பே இருக்காது என்பதால், தொடைக்கறியைப் பாதிக்கு மேல் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது இஞ்சி. துருவிய இஞ்சி இல்லாத சுகுனே எனக்கு முழுமையாகத் தோன்றுவதில்லை. ஆனால் பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. மறுநாள் வேலை குறையும் என்று இஞ்சி சேர்த்த கலவையை இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்திருந்த ஒருமுறை, காலையில் அது உருட்ட வராத கூழாகிக் கிடந்ததைக் கண்டேன். முன்கூட்டியே தயாரிப்பவர்கள் இஞ்சியை உருட்டுவதற்குச் சற்று முன்னர் சேர்க்கட்டும். வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கி ஈரமில்லாமல் சேர்க்க வேண்டும். பெரிய வெங்காயமானால் பிழிந்துவிட்டுச் சேர்க்கலாம். உருட்டும் முன், கலவையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாணலியில் வேகவைத்துச் சுவைத்துப் பாருங்கள்; உருட்டி முடித்தபின் உப்பைத் திருத்த வழியில்லை.

சோற்றுக்கு வருவோம். இதற்கு நீள அரிசி பொருந்தாது. வெந்தபின் ஒன்றோடொன்று லேசாக ஒட்டும் குட்டையான ஜப்பானிய வகை அரிசியே வேண்டும். உலர்ந்த அரிசி முதல் தண்ணீரைத்தான் விரைவாக உறிஞ்சும் என்பதால், தவிட்டு வாசனை கலந்த அந்தத் தண்ணீரை ஒரு கலக்கலில் கொட்டிவிட்டு, பிறகு மூன்று நான்கு முறை மெதுவாகக் கழுவி, அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். அளவில் நேரும் குழப்பம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானிய மின்சார அரிசிக் குக்கருடன் வரும் கப் 180 மில்லி கொண்டது. உள்பாத்திரத்தின் கோடுகளும் அந்தக் கணக்கில் அமைந்தவை. 240 மில்லி கப்பால் அரிசியை அளந்து, கோட்டைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் சோறு வேகாமல் நிற்கும். அடுப்பில் சமைப்போர் அரிசியின் கொள்ளளவைப் போல் 1.1 முதல் 1.2 மடங்கு தண்ணீர் வைத்து, அடுப்பை அணைத்த பின்னும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும். சுஷிக்குச் சேர்ப்பதுபோல் இந்தச் சோற்றில் வினிகர் சேர்க்கக் கூடாது.

வாணலியில் தீயைக் கூட்டிவைத்தால் வெளிப்புறம் கருத்து, நடுப்பகுதி பச்சையாக இருக்கும். ஏறத்தாழ 30 கிராம் எடையில் உருட்டி, சற்றே தட்டையாக்கி, மிதமான தீயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக்கிய பிறகு, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து மூடி, நான்கைந்து நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கோழிக் கொத்துக்கறிக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்புவது பாதுகாப்பல்ல, வெப்பமானி இருந்தால் குத்திப் பாருங்கள்.

உருண்டைகள் வேகும் முன்பே சாற்றை ஊற்றிவிடுவது மிகப் பரவலான தவறு. சாற்றிலுள்ள சர்க்கரை, இறைச்சி வேகும் நேரத்துக்குள் கருகிக் கசந்துவிடும். உருண்டைகள் முழுதாக வெந்தபின், வாணலியில் தேங்கிய கொழுப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். அந்தக் கொழுப்பு இருக்கும்வரை சாறு உருண்டையில் பிடிக்காமல் வழிந்துகொண்டே இருக்கும். பிறகு சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, மிரின் என்னும் இனிப்பான சமையல் மது மூன்று, சாகே என்னும் அரிசி மது இரண்டு, சர்க்கரை ஒன்று எனக் கலந்து ஊற்றுங்கள். முதலில் சிறு குமிழிகள் சலசலவென எழும். ஓரிரு நிமிடங்களில் அவை பெரிதாகி, சோம்பலாக எழுந்து மெதுவாக உடையும். அப்போது உருண்டைகளைப் புரட்டி, சாறு இன்னும் சற்று நீர்த்திருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஏனெனில் ஆறும்போது அது மேலும் கெட்டியாகும்.

சாற்றுக்கான பொருள்களை வாங்கும்போதும் இரண்டு இடங்களில் ஏமாறுகிறோம். வெளிர் நிறமான ஜப்பானிய சோயா சாஸில் உப்பு குறைவு என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது: வழக்கமான அடர்நிற வகையில் உப்பு 16 சதவீதம் அளவிலும், உசுகுச்சி எனப்படும் வெளிர் வகையில் 18 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது. அதுபோலவே, உண்மையான மிரினில் 14 சதவீத அளவுக்கு ஆல்கஹால் உண்டு, அதன் இனிப்பு ஒட்டரிசியிலிருந்து வருகிறது. மிரின் சுவையூட்டி என்று விற்கப்படுவதோ பெரும்பாலும் இனிப்புப் பாகுதான். அதைப் பயன்படுத்தினால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் பரிமாறும்போது சோற்றின்மேல் ஒரு தேக்கரண்டிச் சாறு மட்டும் சொட்டுங்கள். மீதம் உருண்டைகளோடு சேர்ந்து தானாக இறங்கும். மேலே பச்சை முட்டைக்கரு வைக்கும் வழக்கம், பச்சையாக உண்பதற்கென்றே முட்டையைக் கழுவிச் சோதித்து, அதற்கேற்பக் காலாவதித் தேதி குறித்து விற்கும் ஜப்பானில் நிலைத்தது. அத்தகைய முட்டை கிடைக்காத இடங்களில் சால்மொனெல்லாக் கிருமியின் ஆபத்து இருப்பதால், வெள்ளையும் கருவும் கெட்டியாகும்வரை அவித்த முட்டையை இரண்டாக வெட்டி வைத்து, வெங்காயத்தாளும் சிறிது ஷிச்சிமி மிளகாய்ப்பொடியும் தூவுங்கள்.