சிப்பி வில்லையா, பிளாஸ்டிக்கா? கன்னத்தில் வைத்துப் பாருங்கள்

பழைய ஆங்கிலேயச் சீட்டாட்டப் பெட்டிகளில் மீன், வட்டம், நீள்சதுரம் என்று பளபளக்கும் சிப்பி வில்லைகள் இருக்கும், ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைத்துக் கணக்குப் பார்க்க. பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சீனாவின் கான்டன் நகரில் செதுக்கி பிரிட்டனுக்கு அனுப்பியவை. கையில் கிடைத்தால் முதலில் கன்னத்தில் வையுங்கள். அசல் சிப்பி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. அப்புறம் லென்ஸில் பாருங்கள், கையால் கீறிய கோடுகள் வில்லைக்கு வில்லை துளி மாறும், சாய்த்தால் பச்சையும் இளஞ்சிவப்பும் ஓடும். விலையைத் தூக்குவது நடுவில் இருக்கும் குடும்பச் சின்னம்தான், அது யாருடையது என்று தெரிந்துவிட்டால் இன்னும் நல்லது. வெறும் பூ வேலை என்றால் குறைவு. ஒரே சின்னம் உள்ள செட்டைத் தயவுசெய்து பிரித்து விற்காதீர்கள். அழுக்கு போக வினிகர், எலுமிச்சை வேண்டவே வேண்டாம், சிப்பியில் இருப்பது சுண்ணாம்பு, அமிலம் பட்டால் அந்த மெல்லிய கீறல்கள் கரைந்து மங்கிவிடும். ஈரத்துணியே போதும்.