ரோபோ கை அசையாது, டிரில் முனை வழுக்கும்

ரோபோ உதவியோடு பெடிக்கிள் ஸ்க்ரூ (முள்ளெலும்பின் பின்புறத்திலுள்ள பெடிக்கிள் என்ற குறுகிய எலும்புத் தூண் வழியே செலுத்தும் திருகு) பொருத்தப் பழகுகிறவர்களின் கை நோயாளியின் முதுகில் இருக்கும், கண் மட்டும் திரையை விட்டு நகராது. ஸ்க்ரூ நீளத்தை மாற்றி எடுப்பது போன்ற சில்லறைப் பிழைகளைக் கருவி எடுத்துத் தரும் நர்ஸே திருத்திவிடுவார். கீழே இருப்பவை அப்படி யார் கண்ணிலும் படாத பிழைகள்.

திரையில் நடுவே தெரிந்தால் எலும்பிலும் நடுவேதான் என்று நம்புவது

திட்டமிட்ட கோட்டில் ஒரு குழாயைப் பிடித்து நிற்பதோடு ரோபோவின் வேலை முடிந்தது. பெரும்பாலான இயந்திரங்களில் அதன் வழியே டிரில்லை இறக்குவது மனிதக் கைதான். இடுப்பு முள்ளெலும்பில் நுழைவுப் புள்ளி ஃபேசட் மூட்டின் (முள்ளெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் சிறு மூட்டு) வெளிச்சரிவை ஒட்டி அமையும். வயதானவர்களுக்கு மூட்டு தடித்துச் சரிவு இன்னும் செங்குத்தாகிவிடும். முனை எலும்பைக் கவ்வும் முன்பே அழுத்தினால் அது வெளிப்பக்கமாக வழுக்கி ஓடும். குழாய் அசையாது, டிரில்லின் தண்டுதான் வளையும். கருவியின் இடத்தைக் கணிக்கும் கேமரா பார்ப்பதோ கருவியின் பின்புறக் குறிகளை. தண்டு நேராக இருப்பதாகக் கணக்கிட்டு முனையைத் திரையில் வரைகிறது. முனை 3 மி.மீ. விலகிப் போயிருந்தாலும் படம் அழகாகவே இருக்கும்.

2012-ல் ஜெர்மனியில் ரிங்கல் குழுவினர் 60 நோயாளிகளிடம் ஸ்பைன்அசிஸ்ட் ரோபோவைக் கைமுறையோடு ஒப்பிட்டார்கள். பெடிக்கிளுக்குள் முழுதும் அடங்கியவை, 2 மி.மீ.க்குள் மட்டுமே வெளியேறியவை இரண்டையும் சேர்த்தால் கைமுறையில் 93%, ரோபோவில் 85%. நுழைவுப் புள்ளியில் கேனுலா (கருவி செல்லும் குழாய்) வழுக்கியதும், ரோபோவை முதுகெலும்போடு பிணைத்த விதமும் காரணமாகச் சொல்லப்பட்டன. பின்னாளில் அறுவை மேசையோடு பிணைக்கப்படும் உறுதியான கைகள் வந்து முடிவுகள் தேறின. சரிவான எலும்பு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

திட்டமிடும்போதே நுழைவுப் புள்ளியைச் சரிவிலிருந்து கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். ஃபேசியாவை (தசையை மூடிய உறை) தாராளமாகக் கீறுங்கள். கீறல் குறுகலாக இருந்தால் தசை குழாயைப் பக்கவாட்டில் தள்ளும். அதிவேக பர் (எலும்பைத் தேய்த்துக் குடையும் சுழல்முனை) கொண்டு எலும்பில் சிறு குழி எடுங்கள். டிரில் சுழலத் தொடங்கிய பிறகே எலும்பைத் தொடட்டும், அழுத்தம் மிகக் குறைவாக. வழுக்கியதாகக் கை உணர்ந்தால் வெளியே எடுத்துவிட்டுப் பர்ரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதே ஓட்டையில் திருத்தப் பார்த்தால் டிரில் பழைய தடத்துக்கே ஓடும்.

எரிச்சலூட்டுவது இதற்கு அடுத்த கட்டம். உருண்டைமுனை புரோப் தட்டிலேயே கிடக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஸ்க்ரூ போகும் முன் ஓட்டையின் நான்கு சுவர்களையும் அடித்தளத்தையும் தடவிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போட்ட பிறகு சி-ஆர்ம் (அறுவை அறையிலேயே இருக்கும் எக்ஸ்ரே இயந்திரம்) படம் எடுங்கள். இடுப்புப் பகுதி ஸ்க்ரூவில் இ.எம்.ஜி. தூண்டல் (ஸ்க்ரூவில் மின்சாரம் செலுத்தித் தசைத் துடிப்பைப் பதியும் சோதனை) 8 மில்லியாம்பியருக்குக் கீழேயே தசையைத் துடிக்கவைத்தால் உள்சுவர் உடைந்திருக்கலாம்.

ரெஃபரன்ஸ் பின் அசைந்தது தெரியாமல் தொடர்வது

கேமரா இடத்தைக் கணிக்க ஆதாரமாக இடுப்பெலும்பில் அடித்த பின்னில் முழங்கை இடித்தாலோ தசையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் உரசினாலோ அதன் பிறகு போடும் எல்லா ஸ்க்ரூவும் ஒரே பக்கம் தள்ளிப்போகும். எலும்பு மெலிந்தவர்களுக்கு அந்தப் பின் தானாகவே தளரும். ஒவ்வொரு முள்ளெலும்புக்கு முன்பும் தெரிந்த ஓர் எலும்பு முனையை நேவிகேஷன் புரோபால் தொட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள். 2 மி.மீ. பிசகினால் ரெஜிஸ்ட்ரேஷனை (ஸ்கேன் படத்தை நோயாளியின் எலும்போடு பொருத்துவது) முதலிலிருந்து செய்யுங்கள்.

டிகம்ப்ரஷனை முடித்துவிட்டு ஸ்க்ரூ போடுவது

ஸ்க்ரூ முதலில், நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை நீக்கும் டிகம்ப்ரஷன் பிறகு. லாமினாவை (முள்ளெலும்பின் பின்புறத் தகடு) எடுத்து, கேஜ் (முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் கூண்டு) வைத்தபின் முதுகெலும்பு பதிவுசெய்த நிலையில் இருக்காது.

தடித்த சி.டி. துண்டுகள்

திட்டமிட எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு துண்டின் தடிமனும் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

மார்புப் பகுதியில் அகலம் பாராமல் திட்டமிடுவது

டி4 முதல் டி6 வரை (மார்புப் பகுதியின் நான்காவது முதல் ஆறாவது முள்ளெலும்பு) பெடிக்கிள் அகலம் பலருக்கு 5 மி.மீ.கூடத் தேறாது. அளந்து பார்த்து ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்று ஏற்பாடு இல்லாமல் தொடங்குவது

ரெஜிஸ்ட்ரேஷன் இரண்டாம் முறையும் பொருந்தாவிட்டால் ரோபோவை ஒதுக்கிவிட்டு சி-ஆர்மில் தொடர வேண்டும். அதற்கான கருவித்தட்டு கிருமிநீக்கம் செய்து அறைக்குள்ளேயே இருக்கட்டும்.