பாக்ஸ் அண்ட் காக்ஸ் போடப்போறீங்களா? இதெல்லாம் பண்ணிடாதீங்க

மூணே பேரு, ஒரே ரூம், சீக்கிரம் முடிஞ்சிரும், அப்போ ஈசிதானேன்னு நெனச்சு ஜான் மேடிசன் மார்ட்டனோட பாக்ஸ் அண்ட் காக்ஸ் நாடகத்தை எடுத்துக் கையைச் சுட்டுக்கிட்டவங்கள்ல நானும் ஒருத்தன். 1847 நவம்பர் 1 லண்டன் லைசியம் தியேட்டர்ல முதல்ல போட்ட ஃபார்ஸ், அதாவது கலாட்டா காமெடி நாடகம் இது, அப்புறம் கப்பலேறி பிரிட்டிஷ் காலனி நாட்டுக்கெல்லாம் போச்சு. கதை இதுதான்: மிசஸ் பவுன்சர்னு ஒரு வீட்டுக்காரம்மா ஒரே ரூமை ஒருத்தனுக்குத் தெரியாம இன்னொருத்தனுக்குன்னு ரெண்டு பேருக்கு விட்டு ரெண்டு வாடகை வாங்குறாங்க. பாக்ஸ் பத்திரிகை ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட் பாக்குற அச்சுக்காரன், காக்ஸ் பகல்ல வேலைக்குப் போற தொப்பி செய்றவன். ஒருநாள் காக்ஸுக்கு லீவு கிடைச்சிருது, தீர்ந்தது கதை.

எல்லாரும் பண்ற தப்பு, சிரிக்க வைக்கணும்னு மூஞ்சியக் கோணிக்கிட்டு நடிக்கிறது. பாக்ஸ் அடுப்புல பன்றிக்கறித் துண்டைப் போட்டுட்டு கட்டில் திரைக்குள்ள கண்ணசருவான், காக்ஸ் மட்டன் சாப்ஸோட வருவான், யாரோட கறிடா இதுன்னு அதை எடுத்துட்டு தன்னோடதை வச்சிட்டு தட்டு எடுக்க உள்ள போவான், கதவு படார்னு சாத்துற சத்தத்துல பாக்ஸ் முழிச்சுப்பான். ரெண்டு பேரும் நிஜமா பசியில இருக்கணும், அவ்வளவுதான். அந்தக் கதவுச் சத்தம் அரை செகண்ட் லேட்டானா சீன் காலி. அதனால ரிகர்சலுக்கு முதல் நாளே நிஜக் கதவு கொண்டுவந்துடுங்க. நாங்க நாற்காலியையே கதவுன்னு வச்சுப் பழகிட்டு கடைசி நாள் கதவை மாட்டுனோம், அது எதிர்ப்பக்கமா தொறந்துச்சு, காக்ஸ் தட்டோட மாட்டிக்கிட்டு நின்னான்.

பழைய ஸ்கிரிப்ட்ல "2 இ. ஆர்."னு போட்டிருக்கும். வலப்பக்கம் ரெண்டாவது நுழைவுன்னு அர்த்தம், மேடை ஓரத்துப் படுதாக்களுக்கு நடுவுல இருக்குற சந்து. அந்த வலது நடிகரோட வலது, ஆடியன்ஸோடது இல்ல. இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு அடுப்பு, ஜன்னல், கதவு எல்லாத்தையும் கண்ணாடில பாத்த மாதிரி திருப்பி வச்சவங்க இருக்காங்க.

இன்னொண்ணு, ராத்திரி முழுக்க இது ஒண்ணை மட்டும் போட்டுட்டு காலனி தியேட்டர் மாதிரியே பண்ணோம்னு சொல்லாதீங்க. அங்க ஃபார்ஸ் பெரும்பாலும் பின்னாடி வர்ற துணை அயிட்டம். 1833 அக்டோபர்ல சிட்னி தியேட்டர் ராயல் தொறந்தப்போ பிளாக்-ஐட் சூசன் முடிஞ்சுதான் மான்சியர் டான்சன்ங்கிற ஃபார்ஸ். ஆஸ்திரேலியாவுலயே ஹோபார்ட் ஊர்ல 1837ல தியேட்டர் ராயல் தொறந்தப்போ மெயின் நாடகம் ஸ்பீட் தி ப்ளவ், கூட ஒரு ஃபார்ஸ். அந்த மெயின் நாடகத்தை எழுதுன தாமஸ் மார்ட்டன் வேற யாரும் இல்ல, நம்ம மார்ட்டனோட அப்பாதான்! ஒரு பெரிய நாடகத்துல ஒரு சீன், ஒரு பாட்டு, அப்புறம் ஃபார்ஸ்னு வச்சீங்கன்னா ஆடியன்ஸ் ஏற்கனவே சூடாகி இருப்பாங்க.

அப்புறம் இந்த எண்ணெய் விளக்கு ஆசை. பழைய ஃபீல் வேணும்னு நிஜத் தீயை மேடையில ஏத்தாதீங்க ப்ளீஸ். கல்கத்தா சான்ஸ் சூசி தியேட்டரை ஆரம்பிச்ச நடிகை எஸ்தர் லீச் 1843 நவம்பர்ல, மெயின் நாடகத்துக்கு அப்புறம் வர்ற சின்ன காமெடிக்காக சைடுல காத்துக்கிட்டு நின்னப்போ விளக்குல கவுன் பத்திக்கிச்சு, அந்த மாசமே செத்துப்போயிட்டாங்க. எல்இடி மெழுகுவர்த்தி போதும், பின்சீட்ல இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.