மாவுச்சத்து பிளாஸ்டிக்கில் நார் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் தன் முதல் முடிவுகளைக் காட்டினார். கற்றாழை நார் 10 சதவீதம் சேர்த்ததும் வலிமை மூன்று மடங்காகிவிட்டதாம். வார்த்த பிளாஸ்டிக் தாள்களில் எதை எப்போது இழுத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். நார் இல்லாததை மழை வாரத்தில், நார் உள்ளதை வெயில் வாரத்தில். கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன்.

ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் வலிமையை அளப்பது

இந்தப் பிளாஸ்டிக், அதாவது இளக்குவதற்காகக் கிளிசரின் கலந்த மாவுச்சத்து, காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீரும் கிளிசரினைப் போலவே மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து தாளை இளக்கும். அதனால் ஒரே தாள் வறண்ட நாளில் மொடமொடவென ஒடியும். ஈரமான நாளில் தோல்போல வளையும்.

நான் தாள்களை மேசைமேல் அடுக்கிவைத்து, கருவி கிடைத்தபோதெல்லாம் இழுத்தேன். நார் கூடக்கூட வலிமை ஏறியது. மூன்று மாதம் கழித்து, நார் இல்லாத ஒரு துண்டைத் தற்செயலாக எடைபோட்டேன். வார்த்த அன்று இருந்ததைவிடக் கனம்! எல்லாவற்றையும் மறுபடி வார்த்து ஒரே ஈரத்தில் வைத்து அளந்தபோது, அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் தடுக்கும் வழி அவ்வளவு எளிது.

மூடிய பெட்டியின் அடியில் மெக்னீசியம் நைட்ரேட் என்ற உப்பின் நிறைவுற்ற கரைசலை (இனி உப்பு கரையாது என்ற அளவுக்குக் கரைத்தது) வையுங்கள். 25 டிகிரி செல்சியஸில் உள்ளே ஒப்பு ஈரப்பதம் சுமார் 53 சதவீதத்தில் நிற்கும். சாப்பாட்டு உப்புக் கரைசல் என்றால் சுமார் 75. துண்டுகளைக் கரைசல் படாமல் மேலே தாங்கி, எடை மாறாமல் நிற்கும்வரை விட்டு, வெளியே எடுத்த கையோடு இழுங்கள். வார்த்த தேதியையும் குறியுங்கள். மாவுச்சத்து நாள்பட நாள்படத் திரும்பப் படிகமாகி விறைக்கும். ஒரு வாரத் தாளை ஒரு மாதத் தாளோடு ஒப்பிட்டால் நாரின் பங்கு தெரியாது.

காயாத நார்

நாரிலுள்ள ஈரம் அச்சின் சூட்டில் ஆவியாகிக் குமிழாகும். உலர்த்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சின் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது

வேண்டாம். நார் பழுப்பேறிவிடும்.

காஸ்டிக் சோடாவில் அளவுக்குமீறி ஊறவைப்பது

பிடிப்பு கூடுவதற்காக நாரைச் சோடாவில் ஊறவைப்பார்கள். பாலிபுரொப்பிலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக்குக்குச் சொன்ன அந்தப் பக்குவத்தை இங்கே அப்படியே எடுத்துவராதீர்கள். அது நாரோடு ஒட்டாத பொருள். மாவுச்சத்துக்கும் நாரின் செல்லுலோசுக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH முனைகள்) பொது, தாமாகவே பற்றிக்கொள்ளும். கரைசல் கடுமையானால் நாரே நொய்ந்துபோகும். ஒடிந்த விளிம்பை லென்சில் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளில் மாவு அப்பியிருந்தால் பிடிப்பு சரி. வழவழவென்று உருவிக்கொண்டு வந்திருந்தால் மட்டும் சோடாவைப் பற்றி யோசியுங்கள்.